ட்ரெய்லரில் ஒரு பக்க ஸ்பிரிங் பட்டை ஒடிந்தால் எதை மாற்றுவது, எதைப் பார்த்து வாங்குவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். தென்னாப்பிரிக்காவில் டோங்காட்டிலிருந்து டர்பன் நகரின் கிளேர்வுட் மொத்தச் சந்தைக்கு மடும்பிக் கிழங்கும் (சேம்பு வகை) காய்கறியும் ஏற்றிப் போகிற ஒற்றை அச்சு ட்ரெய்லர். இடது பக்க லீஃப் ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்) மெயின் பட்டை, அதாவது அடுக்கிலேயே நீளமான பட்டை, சென்டர் போல்ட் (அடுக்கை நடுவில் கோக்கும் போல்ட்) துளையை ஒட்டி ஒடிந்துவிட்டது. வெல்டிங் வைத்து இந்த வாரச் சந்தையைச் சமாளிக்கலாமா, இடது பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா, கடைக்காரர் சொல்கிற மாதிரி 8 மி.மீ. பட்டைக்குப் பதிலாக 10 மி.மீ. போட்டுவிட்டால் இனி ஒடியாதா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் எஃகு சூடேற்றிக் குளிரவைத்துப் பதம் செய்த இரும்பு. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு கண்ணாடி போல நொறுங்கும் பதத்துக்குப் போய்விடும், அதற்கு அடுத்த பகுதி பதம் இழந்து மெத்தென்று ஆகிவிடும். பட்டறையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மெயின் பட்டைக்கு எடை தாங்குவதோடு இன்னொரு வேலையும் இருக்கிறது: அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டையும் அதன் முன் கண்ணும்தான் (கண் என்பது சட்டத்தோடு பூட்டுவதற்காகப் பட்டையின் முனையில் சுருட்டிய வளையம்). என்2 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது விட்டுவிட்டால், அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் போய் மட்கார்டில் உரசும், ட்ரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கும். உங்களுக்குப் பின்னால் வருகிற மினிபஸ் டாக்சியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வாரச் சந்தைக்கு யாரிடமாவது பக்கி வண்டி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) இரவல் வாங்கிப் போங்கள்.

மாற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒடியாத வலது பக்கமும் இதே பாதையில், இதே சுமையோடு, இத்தனை வருடம் ஓடியதுதான். ஆயுளில் பெரும்பகுதியை அதுவும் முடித்திருக்கும். புதுப் பட்டை வளைவு குறையாமல் நிமிர்ந்து நிற்கும், பழையது தணிந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிதாகப் போட்டால் ட்ரெய்லர் சாய்ந்து ஓடும், டயர் கோணலாகத் தேயும், வளைவுகளில் எடை ஒரே பக்கம் சரியும். பழைய வலது பட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். வழியில் எங்காவது சிக்கிக்கொண்டால் வெறும் ட்ரெய்லரை மெதுவாக வீடு சேர்க்க உதவும்.

இனி மூன்றாவது கேள்வி. விரிவாகச் சொல்ல வேண்டியது இதுதான், ஏனென்றால் நம் பக்கம் ட்ரெய்லர் வைத்திருக்கிறவர்களில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதும் இதைத்தான். தடித்த பட்டை போட்டால் பலம் என்று நினைக்கிறார்கள். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதாவது 8-ஐ 10 ஆக்கினால் விறைப்பு கால் பங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஆனால் ஒடியாமல் தாங்கும் திறன் இருமடிப் பெருக்கத்தில்தான் ஏறும். அது ஒன்றரை மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அகலத்தைக் கூட்டினாலோ அதே தடிமனில் இன்னொரு பட்டை சேர்த்தாலோ விறைப்பும் திறனும் ஒரே விகிதத்தில் ஏறும்: ஐந்து பட்டையை ஆறாக்கினால் இரண்டுமே 20 சதவீதம் கூடும். நீளமோ இதற்கு எதிர்ப்புறம் வேலை செய்யும். ஸ்பிரிங்கை 10 சதவீதம் நீளமாக்கினால் விறைப்பு கால் பங்கு குறைந்துவிடும்.

உங்கள் வண்டிக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணுக்குக் கண் 900 மி.மீ., அகலம் 50 மி.மீ., 8 மி.மீ. தடிமனில் ஐந்து பட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு மில்லிமீட்டர் தணிய ஏறக்குறைய 10 கிலோ வேண்டும். ஒரு பக்கத்துக்கு 525 கிலோ வந்தால் 53 மி.மீ. தணியும். வெறும் ட்ரெய்லரில் ஒரு பக்கம் 150 கிலோதான் வரும், அப்போது 15 மி.மீ. தணிந்து நிற்கும். இதையே 10 மி.மீ. பட்டைக்கு மாற்றினால் முழுச் சுமையில் 27, வெறும் வண்டியில் 8 மி.மீ. மட்டும். 8 மி.மீ. தணிவு என்றால் ஸ்பிரிங் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. அச்சைச் சட்டத்தில் நேராக வெல்டு செய்த மாதிரிதான்.

உங்கள் ஓட்டத்தில் பாதி வெறும் ஓட்டம் என்பதை மறக்கக் கூடாது. விடிகாலையில் சுமையோடு போகிறீர்கள், முற்பகலில் காலியாகத் திரும்புகிறீர்கள். 10 மி.மீ. பட்டை போட்ட காலி ட்ரெய்லர் ஒவ்வொரு வேகத்தடையிலும் குழியிலும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் சக்கரம் காற்றில் இருந்தால் பிரேக் எதைப் பிடிக்கும்? ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளாத அடியெல்லாம் வேறெங்காவது போயாக வேண்டும். ஹேங்கர் (ஸ்பிரிங்கைச் சட்டத்தில் பிடிக்கும் தாங்கி) வெல்டிங்கில் விரிசல், சட்டத்தில் விரிசல், பேரிங் தேய்மானம், விளக்கு அறுந்துபோவது என்று ஒவ்வொன்றாக வரும். பட்டை ஒடியாது, உண்மைதான், சட்டம் ஒடியும். பட்டையை மாற்ற ஒரு சனிக்கிழமை போதும். சட்டத்தை அறுத்து ஒட்டுவது அப்படி முடிகிற வேலையில்லை.

அதனால் கடைக்காரரிடம் போவதற்கு முன் எடை தெரிய வேண்டும். ஸ்பிரிங் ஒடியாமல் ஓடுகிற ட்ரெய்லர் என்றால், பழைய இரும்பு வாங்குகிற பெரிய இடங்களில் வண்டி நிறுத்தும் தராசு இருக்கும், கேட்டால் போட்டுத் தருவார்கள். வழக்கமாக எவ்வளவு ஏற்றுவீர்களோ அதை அப்படியே ஏற்றி, ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமல், ட்ரெய்லர் சக்கரங்கள் மட்டும் தராசின்மேல் நிற்கிற மாதிரி நிறுத்துங்கள். வருகிற எண் அச்சு தரைக்குக் கொடுக்கிற எடை. காரின் கொக்கி தாங்குகிற பங்கு அதில் ஏற்கெனவே கழிந்திருக்கும். அதிலிருந்து அச்சு, ஹப், சக்கரம் இவற்றின் எடையையும் கழியுங்கள், ஏனென்றால் அவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன, ஸ்பிரிங் அவற்றைச் சுமப்பதில்லை. மீதியை இரண்டால் வகுத்தால் ஒரு ஸ்பிரிங்குக்கு வரும் சுமை கிடைக்கும்.

உங்களுடையது போல ஸ்பிரிங் ஒடிந்து தராசுக்குப் போக முடியாது என்றால் பாக்கெட் (காய்கறி மூட்டை) கணக்கிலும் ஓரளவு பிடிக்கலாம். 10 கிலோ பாக்கெட் 80 ஏற்றினால் 800 கிலோ. வெறும் ட்ரெய்லர் 450 என்றால் மொத்தம் 1,250. கொக்கியில் 90 போகிறது, அச்சும் சக்கரமும் 110. மீதி 1,050, ஒரு பக்கம் 525. இதற்குமேல் 10 முதல் 20 சதவீதம் வரை இடம் விட்டு, ஒன்று 600 கிலோ தாங்கும் ஸ்பிரிங்காக வாங்கினால் சரியாக இருக்கும். கடையில் சொல்கிற எண் ஒரு ஸ்பிரிங்குக்கா, ஜோடிக்கா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டு விதமாகவும் விற்கிறார்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ட்ரெய்லரின் பிளேட்டில் ஜிவிஎம் (சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை) என்று அடித்திருக்கிற எண்தான் சட்டப்படி உங்கள் உச்சவரம்பு. பெரிய ஸ்பிரிங் போட்டதால் அந்த எண் கூடிவிடாது. அச்சு, பேரிங், டயர், கொக்கி இவற்றில் எது பலவீனமோ அதன் அளவுதான் ட்ரெய்லரின் அளவு. நம் நாட்டில் ஜிவிஎம் 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். இந்த எடைக்கு ஓவர்ரன் பிரேக் (கார் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கிற பிரேக்) போதும். உங்களுடையதில் பிரேக் இருந்தும் கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது என்றால், ஸ்பிரிங்குக்காக அச்சைத் தொடும்போதே அதையும் சரிசெய்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒடிந்ததையும் ஒடியாததையும் இரண்டையும் எடுத்துப் போவது நல்லது. முடியாவிட்டால் அளவெடுத்துப் போங்கள். பட்டையின் அகலம், ஒவ்வொரு பட்டையின் தடிமன், எத்தனை பட்டை. தடிமனைத் துருவோடு அளக்காதீர்கள், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு வெர்னியர் வைத்து அளவெடுங்கள். ஒரு மில்லிமீட்டர் துரு கணக்கை எவ்வளவு மாற்றும் என்று மேலே பார்த்தோம். கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை நேர்கோட்டில் எவ்வளவு, வளைவின்மேல் டேப்பைப் படிய வைத்தால் எவ்வளவு என்று இரண்டையும் குறியுங்கள். சென்டர் போல்ட் நட்டநடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா என்று கண் இரண்டிலிருந்தும் அளந்து பாருங்கள். தள்ளி இருப்பதைக் கவனிக்காமல் வாங்கினால் சக்கரம் மட்கார்டின் நடுவில் வராது. கண்ணின் உள்விட்டம், அதில் போகிற புஷ் (போல்ட்டைச் சுற்றிக் கண்ணுக்குள் உட்காரும் உறை), போல்ட் அளவு. பின்பக்கம் கண் இல்லாமல் பட்டை ஒரு தாங்கியின்மேல் வழுக்கி ஓடுகிற வகை என்றால் அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். சிறிய ட்ரெய்லர்களில் அந்த வகை நிறையவே உண்டு. அதற்கு ஷேக்கிள் (பின் கண்ணைச் சட்டத்தோடு இணைக்கிற ஆடும் தகடு) கிடையாது.

இரண்டு பக்கமும் கண் உள்ள வகையில் ஷேக்கிள் சாய்வைப் பார்க்காமல் விடாதீர்கள். சுமை ஏறும்போது வளைவு நிமிர்ந்து ஸ்பிரிங் நீளும், அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள். சுமையோடு நிற்கையில் அது பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். நீளம் குறைந்த ஸ்பிரிங்கைத் திணித்து மாட்டினால் ஷேக்கிள் முன்னோக்கிச் சாயும், ஒரு பெரிய குழியில் மறுபக்கம் புரண்டு சிக்கிக்கொள்ளும். நீளம் கூடியதை மாட்டினால் முழுச் சுமையில் சட்டத்தில் போய் இடிக்கும். முழுச் சுமை ஏற்றிய பிறகும் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே 50, 60 மி.மீ. இடைவெளியாவது மிஞ்ச வேண்டும்.

புதிய ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் பழையது ஏன் ஒடிந்தது என்று பாருங்கள். ஒடிந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தால் அதுவே சொல்லும். ஒரு ஓரத்தில் கருத்து, துரு ஏறி, வழுவழுவென்று இருக்கிற பகுதி பல மாதங்களாக மெல்ல மெல்ல ஓடிய விரிசல். மீதி பளிச்சென்று மணல் மணலாக இருந்தால் அது கடைசி நாளில் ஒடிந்த பகுதி. கருத்த பகுதி பெரிதாக இருந்தால் பட்டை ரொம்ப நாளாக உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. முகம் முழுக்கப் பளிச்சென்று இருந்தால் பெரிய அடியோ அளவு கடந்த சுமையோ காரணம்.

உங்களுடையது சென்டர் போல்ட் துளையை ஒட்டி ஒடிந்திருப்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது யூ போல்ட்டுகளைத்தான் (ஸ்பிரிங்கை அச்சோடு சேர்த்து இறுக்கும் யூ வடிவ போல்ட்டுகள்). அவை இறுக்கமாக இருக்கும்வரை பட்டையின் நடுப்பகுதி அச்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே வளைவதற்கு வழியே கிடையாது. தளர்ந்துவிட்டால் வளைவு முழுவதும் துளை இருக்கிற இடத்துக்கு வந்து சேரும். துளை போட்ட இடம்தான் பட்டையிலேயே இரும்பு குறைவான இடம். யூ போல்ட்டுக்குக் கீழே பெயிண்ட் உரசி மினுமினுப்பாக இருந்தாலோ, பட்டைகளுக்கு நடுவிலிருந்து செம்பழுப்புத் தூள் கசிந்திருந்தாலோ தளர்ந்திருந்தது உறுதி. காரணம் இதுவானால் 10 மி.மீ. என்ன, 12 மி.மீ. போட்டாலும் ஒரு நாள் அதே இடத்தில்தான் ஒடியும்.

அதனால் யூ போல்ட், நட்டு, புஷ், ஷேக்கிள் தகடு, அதன் போல்ட் எல்லாமே புதிதாக வாங்குங்கள். யூ போல்ட் இறுக்கும்போது நீண்டுகொடுத்துத்தான் பிடிக்கிறது. ஒருமுறை நீண்டதைக் கழற்றி மறுபடி மாட்டினால் அதே பிடிப்பு வராது. அச்சுக் குழாய் வட்டமா சதுரமா என்று பார்த்து அதற்கேற்ற வடிவத்தில் வாங்க வேண்டும். வட்ட யூ போல்ட்டைச் சதுர அச்சில் ஏற்றி இறுக்கியிருப்பதை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். மூலைகளில் மட்டும் படும், சீக்கிரம் தளரும்.

மாட்டுகிற வேலை கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். சமதளத்தில், காரோடு பூட்டியபடியே, கைப்பிரேக் போட்டு, காரின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஜாக்கியை அச்சில் வைக்காமல் சட்டத்தில் வைத்துத் தூக்கி, சட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. இன்னொரு சின்ன ஜாக்கி அச்சுக்கு அடியில் இருந்தால் அதை ஏற்றி இறக்கி இடத்தில் சேர்க்கச் சுலபமாக இருக்கும். கழற்றுவதற்கு முன்பே அச்சின் மேற்புறத்திலும் முன்புறத்திலும் சாக்பீஸால் குறி போடுங்கள். பல அச்சுகள் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்து வரும், திருப்பி மாட்டிவிட்டால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். பிரேக் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் அச்சை இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். அச்சு ஒரு முனையிலாவது பிடியில் இருக்கும்.

புதிய ஸ்பிரிங்கை வைக்கும்போது சென்டர் போல்ட்டின் தலை அச்சுத் தாங்கியில் உள்ள குழியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குழியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தபடி இறுக்கிவிட்டால் கொஞ்ச தூரம் ஓடியதும் அது சரிந்து விழும், எல்லா இறுக்கமும் போய்விடும். யூ போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். தயாரித்தவர்கள் எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. இல்லாவிட்டால் 12 மி.மீ. யூ போல்ட்டுக்கு 60 முதல் 80 நியூட்டன் மீட்டர் வரை பொதுவாக வைப்பார்கள். டார்க் ஸ்பேனர் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கைக்கணக்கில் இறுக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று வாங்கி வைத்தால் சக்கர நட்டுக்கும் உதவும்.

கண்ணில் போகிற போல்ட்டுக்கு விதி வேறு. நைலான் அல்லது பித்தளை புஷ் என்றால் ஷேக்கிள் தாராளமாக ஆட வேண்டும். தானாகக் கழலாத நட்டுப் போட்டு, தகடு புஷ்ஷை நெரிக்காத அளவுக்கு நிறுத்துங்கள். ரப்பர் புஷ் என்றால் ட்ரெய்லரைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

இரண்டு பக்கமும் முடிந்ததும் கொக்கியின் மையத்திலிருந்து அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் இருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது, அல்லது சென்டர் போல்ட் குழியில் உட்காரவில்லை. இது தெரியாமல் ஓட்டினால் ட்ரெய்லர் பின்னால் கோணலாக வந்துகொண்டே இருக்கும், டயர்களைத் தின்னும்.

உங்கள் மச்சான் படகு ட்ரெய்லர் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடல் மணலிலும் உப்புத் தண்ணீரிலும் இறங்குகிற ட்ரெய்லருக்கு ஸ்பிரிங் களைத்து ஒடிவதைவிடத் துரு தின்று ஒடிவதுதான் அதிகம். பட்டைகளின் நடுவில் உப்பு தங்கும், துரு பருத்துப் பட்டைகளைப் பிரிக்கும், குழி விழுந்த இடத்திலிருந்து விரிசல் ஓடும். துத்தநாகம் பூசி வந்த ஸ்பிரிங்காகவே வாங்கச் சொல்லுங்கள். சாதாரண ஸ்பிரிங்கை வாங்கி வெளியே கொடுத்துத் தோய்த்து எடுப்பது ஆபத்து: பூசுவதற்கு முன் ஆசிட்டில் கழுவும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, பதம் ஏறிய இரும்பை நொறுங்க வைத்துவிடும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அடியையும் பட்டைகளின் நடுவையும் நன்றாக அலசினால் ஆயுள் கூடும்.

உங்கள் ட்ரெய்லருக்குத் திரும்புவோம். புதிய யூ போல்ட் முதல் ஓட்டத்திலேயே தளரும். பெயிண்ட் நசுங்கும், பட்டைகள் ஒன்றோடொன்று படியும், அதனால் வருவது. டோங்காட்டிலிருந்து கிளேர்வுட் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; முதல் இறுக்கத்துக்குச் சரியான தூரம் அதுதான். டார்க் ஸ்பேனரைக் காரிலேயே வைத்திருங்கள். சந்தையில் மூட்டைகளை இறக்குவதற்கு முன், சுமையோடு நிற்கும்போதே எட்டு நட்டையும் ஒரு சுற்று பாருங்கள், சக்கர நட்டுகளையும் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை போதும். காவடிச் சமயத்தில் கோயிலுக்கு நாற்காலியும் அண்டாவும் ஏற்ற இரவல் கொடுத்துத் திரும்பி வந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், யார் எந்தக் குழியில் இறக்கி ஓட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது. நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டு வைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்த மாத்திரத்தில் எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.